திண்டுக்கல் வட்டார முஸ்லிம்கள்

திண்டுக்கல் வட்டார முஸ்லிம்கள் எனப்படுவோர் தமிழ்நாட்டின் திண்டுக்கல் நகரிலும் கொடைரோடு, வத்தலக்குண்டு முதலிய சமவெளி ஊர்களிலும் வாழும் இஸ்லாமிய மக்கள் ஆவர். இவர்கள் அனைவரும் ஒரே இனத்தவரோ ஒரே மொழியினரோ அல்லர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இராவுத்தர்களும் தக்கினி உருது பேசுவோரும் இவர்களுள் அடங்குவர். சமயமே இவர்களை ஒரு சமுதாயமாக இணைக்கிறது.

வரலாறு

இராவுத்தர் என்னும் சொல் குதிரை வீரரைக் குறிப்பது. 1755இல் மைசூர் அரசின் சார்பில் ஐதர் அலி திண்டுக்கல்லின் பொறுப்பை ஏற்றார். 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி இப்பகுதி ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆற்காடு, மைசூர் ஆட்சிகளின் காலத்தில் உருது பேசும் குடும்பங்கள் தமிழகத்தில் பரவலாகக் குடியேறின. நகரிலுள்ள பேகம்பூர், ஐதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் பெயரால் அமைந்தது என்பர். அங்குள்ள பெரிய பள்ளிவாசல் அக்காலத்தை நினைவூட்டுகிறது.

ஒற்றுமையும் வேறுபாடும்

பாங்கும் தொழுகையும் அரபு மொழியில் அமைவதால் எந்தத் தாய்மொழியினரும் ஒரே வரிசையில் நின்று தொழ இயலும். இவ்விரு பிரிவினரும் பெரும்பாலும் ஹனபி சட்ட மரபையே பின்பற்றுகின்றனர். கடற்கரை மரைக்காயர் ஷாபி மரபினர். எனினும் வீட்டுமொழி, திருமண உறவு ஆகியவற்றில் பிரிவுகள் தொடர்கின்றன.

அரசியலும் சட்டமும்

திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் (1896–1972), மலையாளம் பேசும் மஞ்சேரித் தொகுதியிலிருந்து 1962, 1967, 1971 ஆகிய ஆண்டுகளில் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சமயப் பிணைப்பு மொழி எல்லையைக் கடந்ததற்கு இது சான்றாகும். திண்டுக்கல் மாவட்டமும் முன்னர் ஒருகால் இவர் பெயரைத் தாங்கியிருந்தது.

2007இல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வழங்கியது. இராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைகள் தமிழ் பேசினாலும் உருது பேசினாலும் இதற்கு உரியவர் என அப்பட்டியல் குறிப்பிடுகிறது. தக்கினி முஸ்லிம், சேக், சையத், மாப்பிள்ளை, அன்சர், தூதேகுலா ஆகியோரும் அதில் இடம்பெற்றனர்.

ஒப்பீடு

சமய அடிப்படையில் 1947இல் உருவான பாகிஸ்தானில் உருது மட்டுமே ஆட்சிமொழி என்ற நிலைப்பாட்டை வங்காளிகள் எதிர்த்தனர். 1952இல் டாக்காவில் மொழிப் போராட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். மொழி உரிமையோடு அரசியல், பொருளாதாரக் காரணங்களும் சேர, 1971இல் வங்காளதேசம் பிரிந்தது. மொழிக்கு உரிய இடம் மறுக்கப்படும்போது சமய ஒற்றுமை மட்டும் போதாது என்பதை இது காட்டுகிறது. திண்டுக்கல் வட்டாரத்திலோ இரு மொழியினரும் தத்தம் மொழியைக் கைவிடாமலே ஒரு சமுதாயமாக வாழ்கின்றனர்.