ஒன்ராறியோவிலிருந்து வந்து எம்மவரான வைத்தியர்: மேரி ரட்ணம் (1873–1962)

எமது பழைய மாணவியர் சங்கம் நூறாண்டைக் காணும் இவ்வேளையில், இம்மலருக்கென நாம் எழுதத் தெரிந்தெடுத்த பெண்மணி எமது பாடசாலையில் படித்தவரும் அல்லர், படிப்பித்தவரும் அல்லர். எமது மண்ணிற் பிறந்தவர்கூட அல்லர். ஆயினும் எமது சங்கம் தொடங்கிய 1920களில் இந்நாட்டுப் பெண்கள் என்ன நிலையில் இருந்தார்கள், அந்நிலை எவ்வாறு மாறியது என்று தேடப்போனால், ஒரு பெயர் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. வாக்குரிமை பற்றிப் படித்தாலும் அந்தப் பெயர். தாய்சேய் நலம் பற்றிப் படித்தாலும் அதே பெயர். கிராமத்து மாதர் சங்கங்களின் வரலாற்றிலும் அதே பெயர். அவர்தான் டாக்டர் மேரி ரட்ணம்.

மேரி ஹெலன் இர்வின் 1873 ஆம் ஆண்டு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திற் பிறந்தார். பெண்கள் வைத்தியம் படிப்பதே விநோதமாகப் பார்க்கப்பட்ட காலம் அது. பல்கலைக்கழகங்கள் மாணவிகளைச் சேர்க்கத் தயங்கியதால் ரொறன்ரோவில் 1883 இல் பெண்களுக்கெனத் தனியாக ஒரு வைத்தியக் கல்லூரி திறக்கவேண்டியிருந்தது. எமது நாட்டிலும் நிலைமை ஏறக்குறைய அப்படித்தான். கொழும்பு வைத்தியக் கல்லூரி 1870 இல் ஆரம்பிக்கப்பட்டபோதும் அதன் கதவு பெண்களுக்குத் திறந்தது 1892 இலேதான். ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்டக் கூசி, வீட்டிலேயே நோயோடு கிடந்து மடிந்த பெண்கள் எத்தனையோ பேர். இந்தக் காரணத்தாலேயே மிஷனரிமார் பெண் வைத்தியர்களைத் தேடினார்கள். யாழ்ப்பாணத்தில் இணுவிலிலே பெண்களுக்கும் சிறுவர்களுக்குமென ஓர் ஆஸ்பத்திரியை அமைக்கும் முயற்சி அக்காலத்தில் நடந்துகொண்டிருந்தது. இன்றும் எமது ஊரவர் மக்லியோட் ஆஸ்பத்திரி என்று சொல்வது அதனைத்தான். அங்கே பணியாற்றவென வைத்தியர் மேரி இர்வின் தெரிவானார்.

இதற்கிடையில் அவரது வாழ்க்கையில் வேறொரு திருப்பம் நிகழ்ந்தது. அமெரிக்காவில் உயர்கல்வி கற்றுக்கொண்டிருந்த சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரட்ணம் என்னும் இலங்கைத் தமிழரை அவர் நியூயோர்க்கில் சந்தித்தார். 1896 இல் இருவரும் மணம் முடித்தனர். வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி தமிழரை மணந்துகொண்டு வந்தது மிஷனரிமாருக்கு உவப்பாக இருக்கவில்லை. கறுப்பும் வெள்ளையும் தேவாலயத்தில் அருகருகே இருந்து ஜெபிக்கலாம், ஆனால் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தக்கூடாது என்பதே அன்றைய எழுதப்படாத சட்டம். யாழ்ப்பாணம் இவ்வாறு தனக்கென வந்த ஒரு வைத்தியரை இழந்தது. மேரி கொழும்புக்குச் சென்று, பெண்களுக்கான லேடி ஹவ்லொக் வைத்தியசாலையில் சிலகாலம் கடமையாற்றியபின் தனியாக வைத்தியத் தொழிலைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துகூட ஆகியிருக்கவில்லை.

தம்மை ஏற்க மறுத்தவர்கள்மீது மனம் கசந்து கப்பலேறிப் போயிருந்தால் எவரும் அவரைக் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போகவில்லை. பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். தம்மிடம் வந்த பெண்களின் நோய்களுக்கு மருந்து கொடுத்தார். கொடுக்கக் கொடுக்க, அந்த நோய்களின் வேர் மருந்துப்போத்தலுக்கு எட்டாத இடத்தில் இருப்பதைக் கண்டார். வைத்தியத்துறைக்கு வந்த பழைய மாணவிகளாகிய எமக்கு இது நன்கு விளங்கும். இரத்தச்சோகையோடு வரும் தாய்க்கு இரும்புச்சத்துக் குளிசை எழுதிக்கொடுப்பது இலகு. அவள் வீட்டில் எல்லாரும் உண்டபின் கடைசியாகச் சட்டியைச் சுரண்டி உண்பவள் என்பதைக் குளிசை மாற்றாது. மேரி ரட்ணத்தின் பொதுவாழ்வு இந்த இடத்திலேதான் தொடங்கியது என்று நாம் கருதுகிறோம்.

1904 ஆம் ஆண்டு உருவான இலங்கை மாதர் ஒன்றியத்தைத் தொடக்கியவர்களில் அவர் முக்கியமானவர். இந்நாட்டுப் பெண்கள் அமைப்புகளின் முன்னோடி அது. பிள்ளை வளர்ப்பு, சுத்தம், தையல் என வீட்டோடு ஒட்டிய விடயங்களையே அது முதலிற் கற்பித்தது. 1909 இல் கொழும்பில் தமிழ் மாதர் சங்கம் பிறந்தபோதும் அவரது கை அதில் இருந்தது. பிற்காலத்தில் சங்கீதமும் நடனமும் பயிற்றிய கலாலயத்தை நடத்தியது இந்தச் சங்கமே. 1920களில் பாடசாலைப் பிள்ளைகளுக்கெனச் சுகாதார நூல்களும் எழுதினார். தமிழரை மணந்த கனடாக்காரி, சிங்களவர், தமிழர், பறங்கியர், முஸ்லிம்கள் என எல்லா வீட்டுப் பெண்களோடும் ஒரே மேசையில் இருந்து பேசக்கூடியவராக இருந்தார் என்பது இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

எமது சங்கத்தின் ஆரம்பக் கூட்டங்கள் நடந்த அந்தப் பத்தாண்டிலேதான் பெரிய விவாதமொன்று நாட்டில் எழுந்தது. அரசியல் சீர்திருத்தம் பற்றி ஆராய டொனமூர் ஆணைக்குழு 1927 இன் பிற்பகுதியில் இங்கு வந்தது. அவ்வருடம் டிசம்பரில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைக்கப்பட்டது. அக்னஸ் டி சில்வா போன்றோருடன் மேரி ரட்ணமும் முன்னணியில் நின்றார். சங்கம் முதலில் கேட்டது எல்லாப் பெண்களுக்குமான வாக்கை அல்ல. படித்த, வசதியுள்ள பெண்களுக்கான வாக்கையே. ஆனால் தோட்டங்களில் வேலைசெய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று ஆணைக்குழு வினவியபோது, அவர்களும் பெண்கள்தானே, எல்லாருக்கும் வேண்டும் என்ற கருத்தில் அக்னஸ் டி சில்வா மறுமொழி கூறினார். கொழும்புப் பெரிய வீடுகளில் தொடங்கிய ஒரு கோரிக்கை, அந்த ஒரு மறுமொழியோடு கொழுந்துக்கூடை சுமப்பவளையும் சேர்த்துக்கொண்டது.

எதிர்ப்பும் சிறிதல்ல. எமது பெரியவர்களில் ஒருவரான சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை எதிர்த்தார். 1913 இல் மருதனார்மடத்திலே பெண்களுக்கெனக் கல்லூரி அமைத்தவரும் அவரேதான். அவரைக் குறைத்துப் பேசுவது எமது நோக்கமன்று. அந்தக் கல்லூரியிலிருந்து வெளிவந்த பெண்கள் இந்த மண்ணுக்குச் செய்த தொண்டு எல்லாரும் அறிந்ததே. ஆனால் பெண்ணுக்குக் கல்வி கொடுக்கலாம், முடிவெடுக்கும் உரிமை கொடுக்கலாகாது என்று எண்ணிய நல்ல மனிதர்களும் இருந்தார்கள் என்பதை எமது பெண்பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். அவ்வெண்ணம் இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஆணைக்குழு முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வாக்கைச் சிபாரிசு செய்தது. இறுதியில் ஆண்களுக்குப்போல 21 வயதே விதிக்கப்பட்டது. 1931 இல் ஆசியாவிலேயே முதன்முதலாகச் சர்வசன வாக்குரிமையின்கீழ் இங்கு தேர்தல் நடந்தது. அத்தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்ததால், குடாநாட்டுப் பெண்கள் தமது முதல் வாக்கைப் போட 1934 வரை காத்திருந்தார்கள். இதற்குள் 1932 இல் கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து அரசாங்க சபைக்குத் தெரிவாகிவிட்டார். சட்டசபைக்குள் நுழைந்த முதல் தமிழ்ப் பெண்மணி அவரே.

வாக்குரிமை கிடைத்ததும் பலர் ஓய்ந்தார்கள். மேரி ரட்ணம் அறுபதை நெருங்கும் வயதில் புதிய வேலையொன்றைத் தொடங்கினார். அவர் பிறந்த ஒன்ராறியோவில் 1897 இல் அடிலெயிட் ஹூட்லெஸ் என்ற தாய், கிராமத்துப் பெண்களைக் கூட்டி ஒரு நிலையத்தை ஆரம்பித்திருந்தார். அசுத்தமான பாலாலேயே தம் குழந்தை இறந்தது என்று நம்பிய அவர், வேறெந்தத் தாய்க்கும் அறியாமையால் அந்தக் கதி வரக்கூடாதென்று உழைத்தவர். அதனை மாதிரியாகக் கொண்டு 1930களின் தொடக்கத்தில் மேரி ரட்ணம் உருவாக்கியதே லங்கா மகிள சமிதி. பட்டினத்துச் சீமாட்டிகள் கிராமத்துக்குப் போய்ப் புடைவை கொடுத்துவிட்டு வரும் தருமமாக அது அமையவில்லை. கிராமத்துப் பெண்களே தலைவியாகவும் செயலாளராகவும் இருந்து கூட்டம் நடத்தினார்கள், கணக்கு வைத்தார்கள், மலசலகூடம் கட்டுவது முதல் மரக்கறித் தோட்டம் போடுவது வரை தாமே தீர்மானித்தார்கள். கூட்ட அறிக்கை எழுதத் தெரிந்த பெண்ணை வீட்டிலும் எளிதாக அடக்க முடியாது. பழைய மாணவியர் சங்கமொன்றில் பொருளாளராக இருந்த எவருக்கும் இது தெரியும்!

1937 இல் கொழும்பில் குடும்பக்கட்டுப்பாட்டுச் சிகிச்சை நிலையமொன்றை அவர் திறந்தார். அக்காலத்தில் அது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பதை விளக்க ஓர் எண்ணிக்கை போதும். 1930களில் இந்நாட்டில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அதாவது ஐம்பது பிரசவங்களுக்கு ஒரு தாய். இன்று அது ஒரு இலட்சத்துக்கு ஏறத்தாழ 30 என்ற அளவில் இருக்கிறது. ஆண்டுக்கொரு பிள்ளையாகப் பெற்று, உடல் தேறுமுன்னே மறுபடியும் கருவுற்று, ஆறாவது ஏழாவது பேற்றின்போது இரத்தப்பெருக்கால் இறந்துபோன பெண்கள் எமது பாட்டிமாரின் தலைமுறையில் ஒவ்வொரு குடும்பத்திலும் இருந்தார்கள். அதை விதி என்றார்கள். மேரி ரட்ணம் அதை விதியென்று ஏற்கவில்லை. கண்டனங்கள் வந்தன. பொறுத்துக்கொண்டார். 1953 இல் குடும்பத்திட்டச் சங்கம் முறையாக அமைக்கப்பட்டபோது அவர் போட்ட பாதை ஏற்கெனவே இருந்தது. தாய்மரணம் குறைந்ததற்கு அவர் ஒருவர் மட்டும் காரணரல்லர். ஊரூராகச் சைக்கிளில் திரிந்த மருத்துவமாதர்கள், மலேரியா ஒழிப்பு, இலவச வைத்தியம், 1945 இல் வந்த இலவசக் கல்வி ஆகிய எல்லாமே காரணங்கள். ஆனால் பெண்ணின் உயிர் பேசத்தக்க விடயம் என்று முதலிற் சொன்னவர்களில் அவர் ஒருவர்.

அதே 1937 இல் கொழும்பு மாநகர சபைக்கு பம்பலப்பிட்டி வட்டாரத்திலிருந்து தெரிவாகி, அச்சபையின் முதற் பெண் உறுப்பினரானார். தேர்தல் மனுவொன்றில் சட்ட நுணுக்கமொன்றைக் காட்டி அவரது பதவியைப் பறித்தார்கள். பதவி போனதால் அவரது வேலை எதுவும் நிற்கவில்லை. 1944 இல் உருவான அகில இலங்கை மாதர் மாநாட்டிலும் அவரது பங்கு இருந்தது. மகசேசே விருதுகள் முதன்முதலாக வழங்கப்பட்ட 1958 ஆம் ஆண்டில் பொதுச்சேவைக்கான விருது அவரைத் தேடிவந்தது. அப்போது அவருக்கு வயது 85. 1962 இல், தொண்ணூறை அண்மித்த வயதில், தாம் அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்த இந்நாட்டிலேயே கண்மூடினார்.

இவ்வாழ்க்கையின் ஒரு பகுதி வெற்றிக்கதையல்ல. 1931 இல் வாக்குப்பெற்ற மலையகத் தமிழரிற் பெரும்பாலானோர், 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டு வந்த தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் அவ்வாக்கை இழந்தார்கள். அவர்களும் பெண்கள்தானே என்று சொல்லி வென்றெடுத்தது, அவர்கள் உயிரோடிருக்கும்போதே பறிபோயிற்று. அக்குறையை முழுமையாகத் தீர்க்கும் சட்டம் 2003 இலேதான் வந்தது. ஒருமுறை கிடைத்தால் என்றென்றும் இருக்கும் என்று நாம் எண்ணும் எவ்வுரிமையும் அப்படி இருப்பதில்லை.

இம்மலரை ரொறன்ரோவில், லண்டனில், மெல்பேர்ணில், கொழும்பில், ஊரில் என எங்கெங்கோ இருந்து எமது சகோதரிகள் விரித்துப் படிப்பார்கள். அவர் ஒன்ராறியோவிலிருந்து எம்மிடம் வந்தார். எம்மில் எத்தனையோ பேர், எமது விருப்பத்தாலன்றி யுத்தத்தின் விரட்டலால், அதே ஒன்ராறியோவுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கு எம்மை ஏற்றவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. போன இடத்தை அந்நியமாக எண்ணி ஊர் நினைவிலேயே காலம் கழிக்கும் ஆசை எமக்குள் இருக்கிறது. மேரி ரட்ணம் தாம் பிறந்த ஊரை மறக்கவில்லை. அங்கு கண்ட நல்லதை எடுத்து வந்து இங்குள்ள மண்ணுக்கு ஏற்றதாக மாற்றி நட்டார். எமது பாடசாலை எமக்குத் தந்தவற்றுள் வாழும் இடத்துக்குத் தேவையானதை அங்கேயும், அங்கு கற்றவற்றுள் ஊருக்குத் தேவையானதை இங்கேயும் கொண்டுசேர்க்க எம்மால் இயலும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறோம். மேரி ரட்ணத்தின் வாழ்வை ஆராய்ச்சியாளர்கள் தேடி எழுதியதாலேயே நாம் அறிந்தோம். எமது பாடசாலையில் கற்று, தூரத்துக் கிராமங்களில் படிப்பித்த ஆசிரியைகள், இரவில் அரிக்கன் லாம்போடு பிரசவம் பார்க்கப் போன மருத்துவமாதர்கள், இடம்பெயர்ந்த நாட்களில் முகாம்களில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. அவர்களில் எண்பது தொண்ணூறு வயதைக் கடந்தும் எம்மிடையே வாழ்வோர் உள்ளனர். எமது சங்கத்தின் ஒவ்வொரு கிளையும், இந்த நூற்றாண்டு வருடம் முடியுமுன்னே, தத்தம் பகுதியில் வாழும் மூத்த மாணவிகளை நேரிற் சென்று கண்டு, அவர்கள் சொல்வதை எழுதி எடுத்துப் பாடசாலை நூலகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். அவர்களுடைய கதையைச் சொல்ல அவர்களே இருக்கும்போது கேட்பதுதான் முறை.