ஆஸ்பிரின் புண்ணும் அதிமதுர வேரும்: இரைப்பைக் காப்பு மூலிகை ஆய்வின் வளர்ச்சி

வாதநோய்க்குக் கொடுக்கப்பட்டுவந்த சாலிசிலிக் அமிலம் வலியைக் குறைத்தாலும் வயிற்றைப் பெரிதும் எரித்தது. அந்த எரிச்சல் குறைந்த மாற்று தேவைப்பட்ட நிலையில், 1897-இல் ஜெர்மனியின் பாயர் நிறுவனத்தில் அசிட்டைல் சாலிசிலிக் அமிலம் தூய வடிவில் தயாரானது. 1899-இல் ஆஸ்பிரின் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. வயிற்றுக்குத் தீங்கற்றது என்ற நம்பிக்கை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடித்தது. 1938-இல் லண்டனில் டௌத்வைட், லின்டாட் என்ற இரு மருத்துவர்கள், ஆஸ்பிரின் உண்டவர்களின் இரைப்பையைக் குழாய்க் கருவி வழியே நேரில் பார்த்து, மாத்திரை பட்ட இடங்களில் உட்சவ்வு சிவந்தும் கசிந்தும் இருப்பதைப் பதிவு செய்தனர். மருந்தே புண்ணை உண்டாக்கும் என்பதற்குக் கண்ணால் கண்ட சான்று அப்போதுதான் கிடைத்தது.

மூலிகை ஆய்வு இதனோடு சேர்ந்து தொடங்கவில்லை. அதன் முதல் நோக்கம் பொதுவான இரைப்பைப் புண்ணை ஆற்றுவதே. அதிமதுரம் நெஞ்செரிச்சலுக்கும் வயிற்றெரிச்சலுக்கும் உகந்தது என்ற கருத்து மிகப் பழையது, கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடிஸ் அதைக் குறித்திருக்கிறார், சித்த மருத்துவத்திலும் அது நிலைத்த சரக்கு. அதை மருத்துவமனைச் சோதனைக்குக் கொண்டுவந்தவர் நெதர்லாந்தின் ரெவர்ஸ். உள்ளூர் மருந்துக்கடைக்காரர் ஒருவர் விற்ற அதிமதுரச் சாறு கலந்த மருந்தால் புண் நோயாளிகள் நலம் பெறுவதைக் கவனித்த அவர், தாமே அதைக் கொடுத்துப் பார்த்து 1946-இல் முடிவுகளை வெளியிட்டார். புண் ஆறியது. ஆனால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முகமும் கைகால்களும் வீங்கின. அந்த வீக்கத்தை மறைக்காமல் எழுதியதே அவருடைய அறிக்கையின் பெரும் மதிப்பு. பின்வந்த ஆய்வுகள் அதைப் பற்றிக்கொண்டே நகர்ந்தன.

1950-இல் டச்சு ஆய்வாளர்களே, அதிமதுரச் சாறு அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனைப் போல உடலில் உப்பையும் நீரையும் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது என்று காட்டினர். இதன் காரணம் 1987-இல்தான் தெளிவானது. சிறுநீரகத்தில் கார்டிசோலைச் செயலிழக்கச் செய்யும் நொதி ஒன்றை அதிமதுரத்தின் இனிப்புப்பொருள் தடுக்கிறது. அழியாமல் எஞ்சும் கார்டிசோல் உப்பைத் தேக்குகிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்களும் நீர்பிரிய மாத்திரை உண்பவர்களும் அதிமதுரத்தை நெடுநாள் உண்ணக்கூடாது என்று சொல்வதன் அடிப்படை இதுவே.

அந்த இனிப்புப்பொருளிலிருந்து லண்டன் ஆய்வகம் ஒன்று கார்பெனாக்ஸலோன் என்ற மருந்தை உருவாக்கியது. புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவிய ரிச்சர்ட் டால் தம் குழுவினருடன் அதை இரைப்பைப் புண்ணில் சோதித்து, பயன் உண்டு என்று 1962-இல் அறிவித்தார். மூலிகையிலிருந்து பிறந்து முறையான ஒப்பீட்டுச் சோதனையில் தேறிய புண் மருந்துகளில் இது முன்னோடி. எனினும் வீக்கமும் இரத்த அழுத்தமும் இதையும் விடவில்லை. 1976-இல் அமிலச் சுரப்பைக் குறைக்கும் சிமெடிடின் பிரிட்டனில் வந்தபின் கார்பெனாக்ஸலோனின் இடம் சுருங்கியது. இனிப்புப்பொருளை நீக்கிய அதிமதுரம் இன்னொரு வழியாக முயலப்பட்டது. ஆனால் 1978-இல் வெளியான ஒப்பீட்டுச் சோதனையில் இரைப்பைப் புண்ணுக்கு அதனால் பயன் தெரியவில்லை.

மருந்தால் வரும் புண்ணைத் தனிப்பொருளாக எடுத்துக்கொண்டது ஜான் வேனின் கண்டுபிடிப்புக்குப் பிந்தைய காலம். ஆஸ்பிரின் வகை மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று அவர் 1971-இல் காட்டினார். வலியையும் வீக்கத்தையும் கூட்டும் அதே வகைப் பொருள்கள்தாம் இரைப்பையில் சளிப்படலத்தையும் பைகார்பனேட் சுரப்பையும் இரத்த ஓட்டத்தையும் காக்கின்றன. ஆகவே மருந்தின் நன்மையும் தீமையும் ஒரே வினையிலிருந்து வருகின்றன. கேள்வியும் மாறியது: அமிலத்தைக் குறைப்பது மட்டும் போதுமா, சவ்வின் காப்பையே வலுப்படுத்தும் பொருள் உண்டா? 1979-இல் இனிப்பு நீக்கிய அதிமதுரம் எலிகளில் ஆஸ்பிரினின் சேதத்தைக் குறைத்ததாக ரீஸ் குழுவினர் வெளியிட்டது இக்கேள்விக்கு வந்த விடைகளுள் ஒன்று. இதற்கு முன்பே கார்பெனாக்ஸலோன், புரோஸ்டாகிளாண்டினைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதாகத் தெரிந்திருந்தது.

நம் சமையலறைக்கு நெருங்கிய சரக்கு வாழைக்காய். இந்தியாவில் சன்யால் குழுவினர் 1960-களிலேயே வாழையை விலங்குகளின் இரைப்பைப் புண்ணில் ஆராய்ந்தனர். 1984-இல் பிரிட்டனில் பெஸ்ட், லூயிஸ், நாசர் ஆகியோர், உலர்த்திய வாழைக்காய்ப் பொடி எலிகளில் ஆஸ்பிரின் புண்ணைத் தடுப்பதோடு ஏற்கெனவே உண்டான புண்ணையும் ஆற்றுகிறது என்றனர். உட்சவ்வின் வளர்ச்சியைத் தூண்டுவதே காரணம் என்பது அவர்கள் கருத்து. 1999-இல் அந்தக் காப்புக்குரிய பொருளாக லியூக்கோசயனிடின் என்ற ஃபிளேவனாய்டு அடையாளம் காணப்பட்டது. அதிமதுரத்தைப் போலன்றி வாழைக்காய் உணவுப்பொருள் என்பதால் பக்கவிளைவு பற்றிய அச்சம் குறைவு. ஆனால் சான்றின் பெரும்பகுதி எலிகளோடு நின்றுவிடுகிறது.

மனிதரில் நேரடியாகச் செய்யப்பட்ட அரிய ஆய்வு மிளகாயைப் பற்றியது. 1995-இல் சிங்கப்பூரில் உடல்நலமுள்ள 18 பேர் 20 கிராம் மிளகாய்ப் பொடியை நீரோடு உண்டு, அரைமணி நேரம் கழித்து 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்துக்கொண்டனர். ஆறு மணி நேரத்துக்குப் பின் எண்டோஸ்கோப்பியில் பார்த்தபோது, மிளகாய் இல்லாமல் ஆஸ்பிரின் உண்ட நாளைவிடச் சேதம் குறைந்திருந்தது. மிளகாயின் காரப்பொருளான கேப்சாய்சின் இரைப்பையின் உணர்நரம்புகளைத் தூண்டி இரத்த ஓட்டத்தைக் கூட்டுவது இதற்கு விளக்கமாகச் சொல்லப்படுகிறது. காரம் வயிற்றைப் புண்ணாக்கும் என்ற பொதுநம்பிக்கைக்கு எதிரான முடிவு என்பதால் இது கவனம் பெற்றது. ஆயினும் ஒரு வேளை மருந்து உண்ட நலமுள்ளவரின் சிராய்ப்பு வேறு. மூட்டுவலிக்காக ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்கும் முதியவரின் இரத்தம் கசியும் புண் வேறு.

இந்த இரண்டாவது வகையினரிடம் நீண்டகாலச் சோதனைகளில் தேறியவை செயற்கைப் புரோஸ்டாகிளாண்டினான மிசோப்ரஸ்டாலும், ஒமிப்ரசோல் வகை அமிலத்தடுப்பிகளும். மிசோப்ரஸ்டால் 1988-இல் அமெரிக்காவில் இதற்கெனவே ஒப்புதல் பெற்றது. அதிமதுரமோ வாழைக்காயோ மிளகாயோ அவற்றின் இடத்தைப் பிடிக்கும் அளவுக்கு அத்தகைய நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டதில்லை. எனவே மருத்துவர் கொடுத்த காப்பு மருந்தை நிறுத்திவிட்டு இவற்றை மட்டும் நம்புவதற்கு இன்றைய சான்று இடம் தரவில்லை.