மோட்டார் வண்டியில் மின்னேற்றம்: வரலாறும் சோதனையும்

மோட்டார் வண்டி என்றவுடன் நம் நினைவிற்கு வருவன எஞ்சினும் பெட்ரோலும் சக்கரங்களுமே. ஆயினும் சாவியைத் திருப்பியவுடன் எஞ்சின் சுழலத் தொடங்குவதும், இரவிலே விளக்கு எரிவதும், ஹாரன் ஒலிப்பதும் மின்சாரத்தின் செயல்களாகும். அம்மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் உறுப்பு ஒன்று. ஆக்கித் தரும் உறுப்பு மற்றொன்று. சேமிப்பது, பாட்டரி என்று நாம் வழங்கும் சேமக்கலம். ஆக்குவது முன்னாளில் டைனமோ, இந்நாளில் ஆல்டர்னேட்டர்.

வண்டி கிளம்ப மறுக்கும்போது பழி முழுவதையும் பாட்டரியின்மீது சுமத்துவது உலக வழக்கம். ஆயிரக்கணக்கில் பொருள் செலவிட்டுப் புதிய பாட்டரி ஒன்றை வாங்கிப் பொருத்துகிறோம். சில வாரங்களில் அதுவும் சோர்ந்துவிடுகிறது. வாடகைக்கு வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு இது சிறிய இழப்பன்று. இப்பிழை நேராதிருக்க வழி யாது? இவ்வுறுப்புகள் எந்த வரிசையில், எந்தக் குறையைப் போக்குவதற்காக வண்டிக்குள் வந்து சேர்ந்தன என்பதை அறிவதே அவ்வழி. அவை பிறந்த வரிசையே அவற்றைச் சோதிக்கும் வரிசையாகவும் அமைந்திருப்பதைக் காண்போம்.

1800-இல் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா மின்கல அடுக்கை உலகிற்கு அளித்தார். ஆனால் அதில் மின்சாரம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். மீண்டும் நிரப்ப இயலாது. இக்குறையைப் போக்கியவர் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்ட்டே. 1859-இல் அவர் இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதவாறு சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். அதனுள் மின்சாரத்தைச் செலுத்தினால் அது சேமிக்கப்பட்டது. வேண்டும்போது திரும்பக் கிடைத்தது. மறுபடியும் நிரப்பவும் முடிந்தது. 1881-இல் கமில் ஃபோர் என்பார் தகடுகளின்மீது ஈய ஆக்ஸைடைக் களிம்பாகப் பூசி, அதன் கொள்ளளவைப் பெருக்கினார். இன்றைய பாட்டரியின் அடிப்படையும் இதுவே. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2 வோல்ட் தருகின்றது. ஆறு அறைகள் சேர்ந்து 12 வோல்ட் ஆகின்றன.

மின்சாரம் வெளியேறும்போது இருவகைத் தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன. அமிலம் வலுவிழந்து நீர்த்துப் போகின்றது. மின்னேற்றம் செய்யும்போது எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. ஆனால் தீர்ந்த பாட்டரியைப் பல நாள் அப்படியே விட்டுவைத்தால் சல்பேட் இறுகிப் படிகமாகிவிடும். பின்னர் அது எளிதில் கரையாது. பட்டினி கிடந்த பாட்டரி கெட்டுப்போவதன் காரணம் இதுவே. ஆகவே கெட்ட பாட்டரியைக் காணும்போது, 'இது தானே கெட்டதா, உணவின்றிக் கெட்டதா?' என்று கேட்க வேண்டும்.

தொடக்க கால மோட்டார் வண்டியில் மின்னேற்றம் என்னும் ஏற்பாடே இல்லை. 1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற வண்டியில் எரிபொருளைப் பற்றவைக்கும் பொறி பாட்டரியிலிருந்து வந்தது. தீர்ந்தால் வண்டிக்கு வெளியேதான் அதற்கு மாற்று. இத்தொல்லையைத் தவிர்க்க, எஞ்சினோடு சேர்ந்து சுழன்று தானே பொறி தரும் மாக்னெட்டோ வழக்கிற்கு வந்தது. 1908-இல் வெளிவந்த ஃபோர்டு 'டி' மாதிரி வண்டியிலும் மாக்னெட்டோவே இருந்தது. முன்விளக்குகள் கார்பைடிலிருந்து எழும் அசிட்டிலீன் வாயுவால் எரிந்தன. எஞ்சினைக் கிளப்ப முன்புறம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். எஞ்சின் சில வேளை பின்னோக்கி உதைக்கும். கைப்பிடி திரும்பி அடித்து மணிக்கட்டு முறிந்தோர் பலர்.

ஓடும் ஊர்தியிலேயே மின்சாரம் ஆக்கிப் பாட்டரியை நிரப்பும் முறை மோட்டார் வண்டிக்கு முன்பே புகைவண்டியில் தோன்றியது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பயணிகள் பெட்டியின் அச்சிலிருந்து தோல்வார் மூலம் டைனமோவைச் சுழற்றி விளக்கெரிக்கும் ஸ்டோன் கம்பெனியாரின் முறை பரவியது. இந்திய ரயில்களும் இம்முறையை அறிந்தவையே. அதில் ஒரு நயம் உண்டு: வேகம் மிகுந்தால் வார் வழுக்கும்படி அமைத்து, டைனமோ அளவுக்கு மீறிச் சுழலாமல் காத்தனர். அன்று கட்டுப்பாடாக இருந்த அவ்வழுக்கலே இன்று மோட்டார் வண்டியில் முதன்மையான பழுதாக எண்ணப்படுகிறது.

அமெரிக்காவில் டேட்டன் நகரத்து நேஷனல் காஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில் பணியாற்றியவர் சார்லஸ் கெட்டரிங். கடைகளில் பணக்கணக்கு வைக்கும் பொறியை மின் மோட்டாரால் இயங்கச் செய்தவர் அவர். சிறிய மோட்டார்கூடச் சில நொடிகளே இயங்குவதாயின் தன் ஆற்றலுக்கு மீறிய சுமையைத் தாங்கும் என்பதை அவ்வேலையில் அவர் உணர்ந்திருந்தார். அவ்வுண்மையை எஞ்சினைக் கிளப்பப் பயன்படுத்தினார். 1909-இல் அவரும் எட்வர்ட் டீட்ஸும் தொடங்கிய டெல்கோ நிறுவனத்தின் மின் ஏற்பாடு 1912-ஆம் ஆண்டு மாதிரி காடில்லாக் வண்டியில் இடம்பெற்றது. அதில் ஒரே பொறி முதலில் மோட்டாராக எஞ்சினைச் சுழற்றியது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் டைனமோவாக மாறிப் பாட்டரியை நிரப்பியது. பின்னாளில் அப்பொறி ஸ்டார்ட்டர் என்றும் டைனமோ என்றும் இரண்டாகப் பிரிந்தது. ஜெர்மனியில் 1913-இல் பாஷ் நிறுவனத்தார் டைனமோ, ரெகுலேட்டர், பாட்டரி, விளக்கு ஆகியவற்றை ஒரே தொகுதியாக விற்கத் தலைப்பட்டனர்.

கெட்டரிங்கின் ஏற்பாட்டைக் கடன் கொடுக்கல் வாங்கலுக்கு ஒப்பிடலாம். ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் மின்னோட்டத்தை 4 நொடி இழுப்பதாகக் கொள்வோம். பெரும் கடன்போல் தோன்றினும் கணக்கிட்டால் அது 600 ஆம்பியர்-நொடி. அதாவது ஓர் ஆம்பியர்-மணியில் ஆறில் ஒரு பங்கே. எஞ்சின் சில நிமிடம் ஓடினால் அக்கடன் தீர்ந்துவிடும். மாறாக, 55 வாட் முன்விளக்குகள் இரண்டை அணைக்க மறந்து நான்கு மணி நேரம் விட்டுவிட்டால் ஏறத்தாழ 36 ஆம்பியர்-மணி தீர்ந்து போகும். சிறிய காரின் பாட்டரியில் உள்ளதே ஏறக்குறைய அவ்வளவுதான். பாட்டரியை வீழ்த்துவது பெரும்பாலும் நொடிப்பொழுதுப் பெருஞ்செலவன்று. நெடுநேரச் சிறு செலவும், திரும்பி வராத வரவுமே ஆகும்.

டைனமோ வந்தது, அதனோடு புதிய தொல்லைகளும் வந்தன. எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் நிற்கும்போதும் டைனமோவின் மின்னழுத்தம் பாட்டரியினதை விடத் தாழ்ந்துவிடும். அப்போது பாட்டரியின் மின்சாரம் பின்னோக்கி டைனமோவுக்குள் பாயும். இதைத் தடுக்கக் கட்-அவுட் என்னும் தானியங்கிச் சுவிட்சு பிறந்தது. எஞ்சின் விரைந்து ஓடும்போது மின்னழுத்தம் வரம்பு மீறும். அதை அடக்க முதலில் மூன்றாவது பிரஷ் என்னும் ஏற்பாட்டைச் செய்தனர். பாட்டரி நிறைந்திருந்தாலும் வெறுமையாயிருந்தாலும் அது ஒரே அளவாக ஊட்டியது. ஆகவே பகலில் நெடுந்தொலைவு செல்வோர், பாட்டரி கொதித்துப் போகாதிருக்க விளக்கை வேண்டுமென்றே எரியவிட்டுச் செல்ல நேர்ந்தது. பின்னர், பாட்டரியின் தேவையை அறிந்து ஊட்டும், அதிரும் தொடுமுனைகளையுடைய ரெகுலேட்டர் வந்தது.

இந்நிலையிலேதான் நம் நாட்டில் மோட்டார்த் தொழில் வேரூன்றியது. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை உருவான அம்பாஸடரும், பம்பாயில் உருவான ஃபியட்டும் தம் தொடக்க நாளில் டைனமோ வண்டிகளே. வண்டிகளுக்கான மின்கருவிகளை நாட்டிலேயே செய்யும் பொருட்டு லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனம் 1961-இல் தோன்றிச் சென்னைப் பாடியில் தொழிற்சாலை அமைத்தது.

டைனமோவின் பெருங்குறை, மின்சாரம் முழுவதும் சுழலும் பகுதியில் உண்டாகிக் கம்யூட்டேட்டர் என்னும் செப்புத் துண்டுகளின் வழியே வெளியே வரவேண்டியிருந்தமையாகும். மிக விரைவாகச் சுழற்றினால் அது தாங்காது. மெதுவாகச் சுழன்றாலோ மின்சாரம் போதாது. 20 ஆம்பியர் அளவில் தந்த டைனமோக்கள், நெரிசல் மிகுந்த நகரத் தெருக்களில் ஊர்ந்து செல்லும் வண்டியின் பாட்டரியைக் காக்க இயலாமல் திணறின.

ஃபாரடே 1831-இல் கண்ட விதிப்படி சுழலும் பொறியில் இயல்பாக உண்டாவது மாறுதிசை மின்னோட்டமே. பாட்டரிக்கு வேண்டுவதோ ஒருதிசை மின்னோட்டம். 1950-களில் சிலிக்கான் டயோடு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் இவ்விடர் தீர்ந்தது. டயோடு மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் கதவு போன்றது. ஆல்டர்னேட்டரில் காந்தம் சுழல்கிறது. மின்சாரம் அசையாத சுற்றில் உண்டாகிறது. டயோடுகள் அதை ஒருதிசைப்படுத்துகின்றன. பிரஷ்கள் காந்தத்திற்கு வேண்டிய சில ஆம்பியரை மட்டும் சுமக்கின்றன. ஆதலால் அதை விரைந்து சுழற்றலாம். எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் மின்சாரம் கிடைக்கும். டயோடே பின்னோட்டத்தைத் தடுப்பதால் கட்-அவுட்டும் தேவையில்லை. 1960-ஆம் ஆண்டு மாதிரியான வேலியன்ட் வண்டியில் கிரைஸ்லர் நிறுவனத்தார் இதைப் பொதுமக்களுக்கான காரில் நிலைநிறுத்தினர், பிறரும் பின்பற்றினர். 1983-இல் நம் சாலைகளுக்கு வந்த மாருதி 800 ஆல்டர்னேட்டருடனேயே வந்தது.

பொறி மாறினும் பழக்கம் மாறவில்லை. டைனமோ மின்சாரம் தருகிறதா என்று பார்க்க, ஓடும் எஞ்சினில் பாட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்க்கும் வழக்கம் பட்டறைகளில் இருந்தது. ஆல்டர்னேட்டர் வண்டியில் அவ்வாறு செய்தால் மின்னழுத்தம் ஒரு கணத்தில் உயர்ந்து டயோடுகளையும் மின்னணுக் கருவிகளையும் எரித்துவிடலாம். பாட்டரியை முனை மாற்றி இணைப்பதும் அவ்வாறே. இவ்வகையில் நல்ல ஆல்டர்னேட்டர்கள் பல, சோதனையின் பேராலேயே உயிரிழந்துள்ளன.

அங்ஙனமாயின் முறையான சோதனை எது? வரலாறு சென்ற வழியே செல்வோம்.

முதலிற் பிறந்த பாட்டரியை முதலிற் காண்க. சில மணி நேரம் ஓய்ந்திருந்த 12 வோல்ட் பாட்டரி, வோல்ட்மீட்டரில் 12.6 அளவு காட்டினால் நிறைந்துள்ளது, 12.2 ஏறத்தாழப் பாதி. 12-க்குக் கீழே வெறுமை. முனைகளில் வெண்பொடி படிந்திருந்தால் துடைத்து இறுக்குக. பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு எழுமாதலின் அருகே தீயும் தீப்பொறியும் ஆகா. வெறுமையான பாட்டரியை வெளியே முழுதும் மின்னேற்றி, அதன் பின்னும் ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது அது சோர்ந்தால்தான் குற்றம் அதனுடையது.

அடுத்து வந்தது வார். அது தளர்ந்தும் வெடித்தும் இருந்தால் வழுக்கும். விளக்கைப் போட்டவுடன் கிறீச்சிடும்.

மூன்றாவது, மின்னாக்கம். எஞ்சினைச் சற்று விரைவாக ஓடவிட்டுப் பாட்டரி முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.5 வரை இருத்தல் வேண்டும். விளக்கும் விசிறியும் இயங்கும்போதும் அது பெரிதும் தாழக்கூடாது. ஓய்வுநிலை அளவிலேயே நின்றால் வரவில்லை என்பது பொருள். ஆல்டர்னேட்டரின் முனையில் நல்ல அளவும் பாட்டரியில் குறைந்த அளவும் காணப்பட்டால் குற்றம் இடையிலுள்ள கம்பியிலோ இணைப்பிலோ உள்ளது. முகப்பிலுள்ள சிவப்பு விளக்கையும் மறவற்க. சாவியைத் திருப்பியதும் அது எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணையவேண்டும். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் காந்தத்தை முதலில் எழுப்பும் மின்சாரம் அவ்விளக்கின் வழியே செல்கிறது. ஆதலால் தொடக்கத்திலேயே எரியாத விளக்கு, ஓடும்போது அணையாத விளக்கைப் போலவே கருத்திற்குரியது.

நான்காவது, ரெகுலேட்டர். மின்னழுத்தம் 15-ஐத் தாண்டினால் அதுவே குற்றவாளி. பாட்டரியின் நீர் விரைவில் வற்றும்.

இறுதியாக வந்த டயோடு இறுதியில். வண்டியின் வானொலியில் எஞ்சின் வேகத்தோடு ஏறியிறங்கும் கீச்சொலி கேட்டாலும், மீட்டரின் மாறுதிசை அளவையில் பாட்டரி முனைகளிடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினாலும் டயோடை ஐயுறலாம். கசியும் டயோடு, வண்டி நிற்கும்போதும் மின்சாரத்தைக் குடிக்கும். எல்லாவற்றையும் அணைத்துச் சிறிது நேரம் பொறுத்துப் பார்க்கையில் வண்டி இழுப்பது பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்கு மேற்படலாகாது. அரை ஆம்பியர் கசிந்தால் நாளொன்றுக்கு 12 ஆம்பியர்-மணி போகும். மூன்று நாளில் சிறிய பாட்டரி ஓய்ந்துவிடும்.

இக்காலப் புது வண்டிகள் சிலவற்றில் எஞ்சினின் கணிப்பொறியே ஆல்டர்னேட்டரை ஆள்கிறது. எரிபொருளைச் சிக்கனப்படுத்த மின்னழுத்தத்தை வேண்டுமென்றே தாழ்த்தவும் செய்யும். அங்கே ஓர் அளவை மட்டும் கண்டு தீர்ப்பு வழங்குதல் தகாது. தயாரிப்பாளரின் குறிப்பு நூலையும் காண வேண்டும். மின்சாரக் கார்களில் ஆல்டர்னேட்டரே இல்லை; பெரிய பாட்டரியிலிருந்து சிறிய 12 வோல்ட் பாட்டரியை நிரப்பும் மின்னணு மாற்றி அதன் இடத்தைப் பெற்றுள்ளது. அங்கும் அச்சிறு பாட்டரி ஓய்ந்துவிட்டால், பெரிய பாட்டரி நிறைந்திருந்தும் வண்டி விழிப்பதில்லை.

ஈயத் தகடு முதல் சிலிக்கான் துண்டு வரை இவ்வரலாற்றில் வந்த ஒவ்வோர் உறுப்பும், தனக்கு முந்தியதன் குறையைத் தீர்க்கவே வந்தது. ஆதலின் பழுதை நாடுவோரும் அவ்வொழுங்கிலேயே நாடுக. வரவு எங்கே நின்றது, செலவு எங்கே கசிகிறது என்று பார்த்த பின்னரே பாட்டரிக் கடையின் படி ஏறுதல் நன்று.