கார்பன் ரிம்மா, அலுமினிய ரிம்மா? மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

ஓசூரில் இருந்து சுமார் 25 கிலோமீட்டர் போனால் தேன்கனிக்கோட்டை. அதைத் தாண்டி அஞ்செட்டி பக்கம் திரும்பினால் மலைச்சாலை, கல்லும் பள்ளமுமான கிராமத்துப் பாதைகள். வாரம் முழுக்க சிப்காட்டில் ஷிஃப்ட் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மவுண்டன் சைக்கிளை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் கிளம்புறவங்க இருக்காங்க. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி பெங்களூருவில் இருந்து வருபவர்களும் உண்டு.

கொஞ்ச நாள் ஓட்டிய பிறகு பலருக்கும் வரும் கேள்வி இதுதான்: "அலுமினிய ரிம்மைக் கழட்டிட்டு கார்பன் ரிம் போடலாமா?" விலை பல மடங்கு அதிகம். இறக்கத்தில் போகும்போது ரிம் உடைந்தால் கை கால் முறியும் ஆபத்தும் இருக்கு. அதனால் காசைக் கொடுக்கும் முன் விஷயத்தை முழுசா தெரிஞ்சுக்கலாம், வாங்க.

ரிம்முக்கு என்ன வேலை?

சைக்கிள் சக்கரத்தின் நடுவில் இருப்பது ஹப். அதிலிருந்து போகும் ஸ்போக்ஸ் கம்பிகளை இழுத்துப் பிடித்து, டயரைத் தாங்கி நிற்கும் வளையம்தான் ரிம். மவுண்டன் சைக்கிளில் பெரும்பாலும் 28 அல்லது 32 கம்பிகள் இருக்கும். ஓட்டுபவரின் எடை, பாதையின் அடி, பிரேக்கின் இழுப்பு எல்லாமே கடைசியில் ரிம் மேலதான் வந்து விழும்.

அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்த ஊர் ஓசூர். இங்கே வேலை பார்ப்பவர்களுக்கு அலுமினியம் ஒண்ணும் புதுசு இல்லை. ஆனால் பைக்கின் அலாய் வீலும் சைக்கிள் ரிம்மும் ஒரே மாதிரி செய்யப்படுவதில்லை. அலாய் வீல் உருக்கி வார்க்கப்படுவது. சைக்கிள் ரிம்முக்கு, சூடான அலுமினியத்தை அச்சின் வழியே நீளமான பட்டையாகத் தள்ளி எடுப்பார்கள். அதை வட்டமாக வளைத்து, இரண்டு முனைகளையும் வெல்டிங் செய்தோ பின் வைத்தோ இணைப்பார்கள். நடுவில் வெற்றிடம் இருப்பதால் எடை குறைவு.

கார்பன் ரிம் வேறு கதை. ரெசின் தோய்த்த கார்பன் இழைத் துணியைத் துண்டு துண்டாக வெட்டி, அச்சுக்குள் அடுக்கடுக்காக வைத்து, அழுத்தமும் வெப்பமும் கொடுத்து இறுக வைக்கிறார்கள். எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, இழை எந்தத் திசையில் போக வேண்டும் என்பதில்தான் பலமே இருக்கு. இதில் பெரும்பகுதி கை வேலை. விலை ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அலுமினியமே ஒரு காலத்தில் இப்படி 'புதுசா' வந்ததுதான். 1934 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் அன்டோனின் மான்ய என்ற பிரெஞ்சு வீரர் மாவிக் நிறுவனத்தின் அலுமினியக் கலவை ரிம்மில் ஓட்டி ஜெயித்தார். அப்போது மர ரிம்கள் புழக்கத்தில் இருந்ததால், யாரும் கண்டுபிடிக்காமல் இருக்க மரம் போல பெயிண்ட் அடித்து ஓட்டினார் என்பது சைக்கிள் உலகில் பிரபலமான கதை.

எடை குறைந்தால் வேகம் கூடுமா?

ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் சுமார் 2.7 கிராம். கார்பன் கலவை சுமார் 1.6 கிராம். ஆனால் ரிம்மாகச் செய்து முடிக்கும்போது அவ்வளவு பெரிய வித்தியாசம் வருவதில்லை. அடி தாங்குவதற்காக கார்பன் ரிம்மின் ஓரங்களைத் தடிமனாகச் செய்வார்கள். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 200 கிராம் அளவில் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஓட்டுபவர் 70 கிலோ, சைக்கிள் 13 கிலோ, மொத்தம் 83 கிலோ. அதில் 200 கிராம் என்பது வெறும் 0.24 சதவீதம். ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் மலை ஏறினால், இந்த எடைக் குறைப்பால் மிச்சமாகும் நேரம் அதிகபட்சம் 9 விநாடி! அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலே 500 கிராம் இருக்கும்.

சுற்றும் எடை என்பதால் டபுள் பலன் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. நின்ற இடத்தில் இருந்து வேகம் எடுக்கும்போது ரிம்மில் குறையும் 200 கிராம், கிட்டத்தட்ட 400 கிராம் குறைந்தது போலத்தான் வேலை செய்யும். நிறுத்தி நிறுத்தி முடுக்க வேண்டிய பாதையில் காலுக்கு இது தெரியும். சீரான ஏற்றத்தில் 200 கிராம், 200 கிராம்தான்.

அப்போ கார்பனால என்ன லாபம்?

உண்மையான லாபம் விறைப்பு. வளைவில் சாய்த்துத் திருப்பும்போதும், கற்களுக்கு நடுவே கோடு பிடித்துப் போகும்போதும் கார்பன் சக்கரம் நெளியாமல் சொன்ன இடத்துக்குப் போகும். அடிக்கடி பெண்டு எடுக்க வேண்டிய தேவையும் குறையும்.

அதே விறைப்பு சிலருக்குத் தொல்லையும் ஆகும். பாதையின் அதிர்வு கைக்கு வந்து சேரும். உடல் எடை குறைவாக உள்ளவர்களுக்கு இது இன்னும் கடினமாகத் தெரியலாம். இப்போது சில நிறுவனங்கள் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்படியான கார்பன் ரிம்களையும் செய்கின்றன.

கல்லில் இடித்தால் என்ன ஆகும்?

இதுதான் முக்கியமான கேள்வி. கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட்டுக்குப் பேர் போனது. பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை விளிம்பில் காற்று குறைந்த டயர் மோதினால், அடி நேராக ரிம்முக்குப் போகும்.

அலுமினியம் நெளியும். ஓரம் மடங்கும், சக்கரம் கோணலாகும். ஆனால் பெரும்பாலும் உருட்டிக்கொண்டாவது வீடு வந்து சேரலாம். சின்ன நெளிசலைக் கவனமாக நிமிர்த்தி ஓட்டுபவர்களும் உண்டு. பெரிய நெளிசல் என்றால் ட்யூப்லெஸ் டயரில் காற்று நிற்காது, ரிம்மை மாற்ற வேண்டியதுதான். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப நிமிர்த்தினால் அங்கே விரிசல் விடும்.

கார்பன் நெளியாது. ஒரு அளவு வரைக்கும் அடியை வாங்கி பழைய வடிவத்துக்கே வந்துவிடும். அதைத் தாண்டினால் விரிசல் விடும் அல்லது உடையும். சில நேரம் வெளியே கீறல் மாதிரி தெரிவது, உள்ளே அடுக்குப் பிரிந்ததன் அடையாளமாக இருக்கலாம். பலமான அடி விழுந்தால் டயரைக் கழட்டி ரிம்மைச் சுற்றிலும் துடைத்துப் பார்க்க வேண்டும். விரலால் தட்டும்போது ஒரு இடத்தில் மட்டும் மந்தமான சத்தம் வந்தாலோ, விரிசல் கண்ணில் பட்டாலோ, அந்த ரிம்மில் மறுபடி ஓட்டவே கூடாது.

எது போட்டாலும் டயர் காற்று சரியாக இருப்பதுதான் முதல் பாதுகாப்பு. கார்பன் ரிம்கள் பலவற்றில் டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இருக்காது. அதில் அளவுக்கு மீறி காற்று அடித்தால் டயர் கழன்று வரும் ஆபத்து உண்டு. டயரில் ஒரு உச்ச அளவும் ரிம்மில் ஒரு உச்ச அளவும் போட்டிருக்கும். இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. பெட்ரோல் பங்க் பம்பில் கண்ணை மூடிக்கொண்டு அடிக்காதீங்க.

பிரேக் சூட்டில் கார்பன் உருகுமா?

ரிம்மையே கவ்விப் பிடிக்கும் பழைய வகை பிரேக்கில், நீண்ட இறக்கத்தில் சூடு ஏறி ரெசின் இளகும் பிரச்சினை இருந்தது உண்மை. டிஸ்க் பிரேக்கில் அந்தச் சூடு டிஸ்க்கோடு நின்றுவிடும். மவுண்டன் சைக்கிள் கார்பன் ரிம்கள் டிஸ்க் பிரேக்குக்காகவே செய்யப்படுகின்றன. உங்கள் சைக்கிளில் ரிம் பிரேக் இருந்தால் கார்பன் பேச்சையே எடுக்க வேண்டாம்.

செலவுக் கணக்கு

சில பெரிய பிராண்டுகள், முதலில் வாங்கியவருக்கு ஓட்டும்போது உடைந்தாலும் வாழ்நாள் முழுக்க மாற்றித் தருவதாக உறுதி தருகின்றன. அது இந்தியாவில் வாங்கினால் செல்லுமா, அனுப்பும் செலவு யாருடையது என்பதைப் பில் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத மலிவான கார்பன் ரிம்மை வாங்குவதைவிட, நல்ல அலுமினிய ரிம் எவ்வளவோ மேல். உள்ளே அடுக்கு எப்படி வைத்திருக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்று: வீணான அலுமினிய ரிம்மைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடலாம், உருக்கி மறுபடி பயன்படுத்துவார்கள். உடைந்த கார்பன் ரிம்மை நம்ம ஊர்ல எந்தக் கடையும் எடைக்கு எடுக்காது.

யாருக்கு எது சரி?

மாதத்துக்கு நாலைந்து முறை ஓட்டுபவர், ஒரே சைக்கிளை வேலைக்கும் மலைக்கும் எடுப்பவர், ஓட்டப் பழகுபவர் – அலுமினியம் போதும். மிச்சமாகும் காசில் நல்ல டயரும் ட்யூப்லெஸ் வசதியும் செய்துகொண்டால், ஓட்டத்தில் தெரியும் மாற்றம் பெரிதாக இருக்கும்.

போட்டியில் கலந்துகொள்பவர், ரிம் உடைந்தால் மாற்றும் வசதி உள்ளவர், விறைப்பின் பலனை உணரும் அளவுக்கு ஓட்டத் தெரிந்தவர் – கார்பனை யோசிக்கலாம்.

எதை வாங்கினாலும் இதையெல்லாம் சரிபாருங்கள்: சக்கர அளவு (29 இஞ்ச் என்றால் டயர் உட்காரும் விட்டம் 622 மி.மீ., 27.5 என்றால் 584 மி.மீ.), உங்கள் டயருக்கு ஏற்ற உள் அகலம் (பொதுவாக 25 முதல் 30 மி.மீ.), ஹப்பில் உள்ள கம்பி எண்ணிக்கை, ரிம் தாங்கும் அதிகபட்ச எடை.

கடைசியா ஒரு விஷயம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பகுதியில் பெரும்பகுதி காப்புக்காடு. காவிரி வடக்கு, காவிரி தெற்கு என இரண்டு வன உயிரினச் சரணாலயங்களும் இந்தப் பக்கம்தான் இருக்கின்றன. யானை நடமாட்டம் அதிகம். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுப் பாதைக்குள் சைக்கிளை இறக்காதீங்க. எவ்வளவு விலை உயர்ந்த ரிம்மாக இருந்தாலும் யானையை முந்த முடியாது.