முட்டைக்கோஸ் குருத்துக்குள் குழந்தையைத் தேடிய டாக்டர்

1/
வீட்டுல முட்டைக்கோஸ் இருந்தா, பொரியலுக்கு நறுக்குறதுக்கு முன்னாடி நெடுக்குவாட்டுல சரிபாதியா வெட்டிப் பாருங்க. வெளியே பெரிய இலை. அதுக்குள்ள அதைவிடச் சின்னது. இன்னும் உள்ளே போகப் போக இன்னும் சின்னது. நடுவுல வெள்ளையா ஒரு தண்டு. அந்தத் தண்டோட உச்சியைப் பத்தித்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையா படிங்க, கடைசியில உங்க வீட்டுக்குத் தேவையான ஒரு விஷயமும் இருக்கு.

2/
டாக்டருக்குப் படிச்ச எல்லாருக்கும் முதல் வருஷ அனாடமியில "வொல்ஃபியன் டக்ட்"னு ஒண்ணு மனப்பாடம் ஆகியிருக்கும். ஆண் கருவில் பிற்பாடு விந்துக் குழாயாக மாறும் நாளம் அது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் காஸ்பர் ஃபிரெடரிக் வொல்ஃப். பெர்லினில் ஒரு தையல்காரரின் மகன். 1759-ல் ஹாலே பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டத்துக்காக அவர் கொடுத்த ஆய்வேடு "தியோரியா ஜெனரேஷனிஸ்". அப்போ அவருக்கு வயசு இருபத்தஞ்சை ஒட்டித்தான்.

3/
ஆய்வேட்டின் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: உயிர்களின் உடம்பு எப்படி உருவாகுது?

இன்னைக்கு இது சாதாரண கேள்வியா தெரியும். அன்னைக்கு ஐரோப்பாவில் பெரிய பெரிய அறிஞர்கள் நம்புன பதில் என்ன தெரியுமா? "உருவாகவே இல்லை. ஏற்கெனவே முழுசா இருக்கு. பெருசாகுது, அவ்வளவுதான்."

4/
அதாவது, விதைக்குள்ள ஒரு குட்டி மரம். முட்டைக்குள்ள ஒரு குட்டிக் கோழி. மனுஷக் கருவுக்குள்ள கை கால் முகத்தோட ஒரு குட்டி மனுஷன். 1694-ல் ஹார்ட்சோக்கர் என்ற டச்சுக்காரர், விந்தணுவின் தலைக்குள் ஒரு குட்டி மனிதன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பது போலப் படமே போட்டார். இன்னொரு கட்சி, "விந்தணுவில் இல்லை, தாயின் முட்டைக்குள்தான் இருக்கு"ன்னது. பெட்டிக்குள்ள பெட்டி மாதிரி, ஆதித் தாய் ஏவாளுக்குள்ளேயே பின்னால் பிறக்கப் போகிற அத்தனை பேரும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தாங்கன்னு கணக்கு.

5/
கேட்கச் சிரிப்பா இருக்கலாம். ஆனா இதோட மறுபக்கத்தை யோசிங்க. எல்லாமே படைப்பின் முதல் நாளே செஞ்சு முடிச்சதுன்னா, உதடு பிளந்து பிறந்த குழந்தை, கையில்லாமல் பிறந்த குழந்தை? கடவுளே அப்படிச் செஞ்சு வெச்சாரா? இல்லைன்னா தாய் மேல பழி. கர்ப்ப காலத்துல அவ எதையோ பார்த்துப் பயந்தா, எதுக்கோ ஆசைப்பட்டான்னு சொல்ற வழக்கம் ஐரோப்பாவிலும் நல்லாவே இருந்தது.

6/
வொல்ஃப் இந்தச் சண்டைக்குள் செடியைக் கொண்டு வந்தார். அவர் தர்க்கம் ரொம்ப எளிமை. எல்லாம் முன்னாடியே இருக்குன்னா, மொட்டின் உள்ளே எவ்வளவு ஆழம் போனாலும் குட்டியா, ஆனா முழுசா ஒரு இலை இருக்கணும். நரம்பு, காம்பு, ஓரம் எல்லாத்தோடவும். கோஸ் மொட்டை உரிச்சு உரிச்சு, மைக்ராஸ்கோப்பில் உச்சி வரைக்கும் போனார்.

7/
உச்சியில் இலை இல்லை. கண்ணாடி மாதிரி ஈரமான, குட்டிக் குட்டிக் குமிழ்கள் நிறைஞ்ச ஒரு மேடு மட்டும் இருந்தது. அதன் ஓரத்தில் லேசா ஒரு புடைப்பு. அந்தப் புடைப்பு கொஞ்சம் நீண்டா இலையோட ஆரம்பம். நரம்புகள் அதுக்கப்புறம்தான் வருது. மலரின் பாகங்களும் இதே உச்சியில் இலை மாதிரியே கிளம்புதுன்னும் சொன்னார். கவிஞர் கதே தன் செடி நூலை வெளியிட்டது 1790-ல். வொல்ஃப் தனக்கு முன்னோடின்னு பிற்பாடு அவரே ஒத்துக்கிட்டார்.

8/
வொல்ஃப் தன் ஆய்வேட்டை அன்றைய ஐரோப்பாவின் மிகப் பெரிய உடலியல் மேதை ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலருக்கு அனுப்பினார். ஹாலர் ஏத்துக்கலை. கண்ணுக்குத் தெரியலைங்கிறதால இல்லைன்னு ஆயிடுமா? ஒளி ஊடுருவுற அளவுக்கு மெல்லிசா இருக்கலாமே? இதுதான் அவர் வாதம். நியாயமான கேள்வியும்கூட.

9/
பதில் சொல்ல வொல்ஃபுக்குப் பல வருஷம் ஆச்சு. நடுவுல ஏழாண்டுப் போர். பிரெஸ்லாவ் ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கிட்டே அனாடமி பாடம் எடுத்தார். போர் முடிஞ்சதும் பெர்லினில் பேராசிரியர் பதவி கிடைக்கலை. 1767-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமிக்குப் போனவர், 1794-ல் சாகும்வரை அங்கேயேதான்.

10/
அங்கே போனதும் எழுதுனதுதான் கோழிக்கருவின் குடல் பற்றிய நூல். குடல், குட்டிக் குழாயா இருந்து பெருசாகலை. முதல்ல தட்டையான ஒரு தகடு. அது மடிஞ்சு, ஓரங்கள் சேர்ந்து, அப்புறம்தான் குழாய் ஆகுது. தட்டையான தகடு தெரியுது, குழாய் மட்டும் தெரியலைன்னா, அது "மெல்லிசா ஒளிஞ்சிருக்கு"ன்னு சொல்ல முடியாதில்லையா? ஆனா 1812-ல் மெக்கல் இதை ஜெர்மனில் மொழிபெயர்த்த பிறகுதான் பலர் கவனிச்சாங்க. வொல்ஃப் போய் 18 வருஷம் ஆகியிருந்தது.

11/
அவர் சொன்ன எல்லாமே சரியில்லை. ஏதோ ஒரு "அடிப்படை விசை" சாற்றைத் தள்ளி உறுப்புகளை உண்டாக்குதுன்னு நினைச்சார். செல் கோட்பாடு வரவே 1838, 1839 ஆச்சு. ஷ்லைடன் செடிக்கும், ஷ்வான் விலங்குக்கும் சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் அந்த உச்சி மேடு, இடைவிடாமப் பிரிஞ்சுக்கிட்டே இருக்கிற செல்களின் கூட்டம்னு புரிஞ்சது. 1858-ல் கார்ல் நேகெலி அதுக்கு "மெரிஸ்டம்"னு பேர் வெச்சார். பிரித்தல் என்ற பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம்ம பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஆக்குத்திசு.

12/
செடி வளர்றதும் நாம வளர்றதும் ஒண்ணு இல்லை. மரத்துல நாலடி உயரத்துல ஒரு ஆணி அடிங்க. இருபது வருஷம் கழிச்சும் ஆணி நாலடியிலேயே இருக்கும். உயரம் கூடுறது நுனியில் மட்டும்தான். பட்டைக்கு அடியில் இருக்கிற இன்னொரு ஆக்குத்திசு பருமனைக் கூட்டும்.

தென்னைக்கு வளரும் நுனி ஒண்ணே ஒண்ணு. வண்டு குடைஞ்சு அது அழிஞ்சா மரமே போச்சு. குலை தள்ளாத வாழையை வெட்டினா மறுநாளே நடுவுல ஒரு துண்டு எட்டிப் பார்க்கும். ஏன்னா அதோட நுனி கீழே கிழங்குகிட்ட பத்திரமா இருக்கு. ஆடு மேய மேயப் புல் வளர்றது இலையின் அடியில் வளர்ச்சிப் பகுதி இருக்கிறதால.

13/
நாம சாப்பிடுற காலிஃப்ளவர்? பூவாகணும்னு கிளம்பி, பூவாகாமலே மேல மேல நுனிகளைப் போட்டுக்கிட்டே போன ஆக்குத்திசுக் குவியல். கோஸும் அதுவும் ஒரே இனச் செடிதான். 1990-களில் அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் "வுஷெல்" என்ற மரபணுவைக் கண்டுபிடிச்சாங்க. அது நுனியின் மூல செல்களைத் தக்க வைக்குது. "கிளாவாட்டா" மரபணுக்கள் அளவு மீறாம அதைப் பிடிச்சு நிறுத்துது. வொல்ஃப் தேடுன "விசை"யின் இடத்தில் இப்போ இந்த இழுபறி.

14/
செடி தன் ஆயுசு முழுக்க நுனியில் புது உறுப்பு உண்டாக்கிக்கிட்டே இருக்கும். நமக்கு அந்த வாய்ப்பு கருவறையில் சில வாரம் மட்டும்தான். நம்ம கையும் ஒரு மொட்டாத்தான் ஆரம்பிக்குது. டாக்டர்கள் அதுக்கு வெச்ச பேரே "லிம்ப் பட்", கைமொட்டு. 1948-ல் சாண்டர்ஸ் என்பவர் கோழிக்கருவின் இறக்கை மொட்டில் நுனி விளிம்பை மட்டும் நீக்கிப் பார்த்தார். இறக்கை பாதியிலேயே நின்னுபோச்சு.

15/
அந்த நாட்கள் எவ்வளவு முக்கியம்னு உலகம் ரொம்ப வலியோட கத்துக்கிச்சு. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு மாத்திரையை மசக்கைக்காகச் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகள், கை கால் வளராமல் பிறந்தாங்க. 1961-ல் மருந்தை நிறுத்துறதுக்குள்ள ஆயிரக்கணக்கான குழந்தைகள். ஆபத்தான காலம், கரு உண்டான சுமார் 20-வது நாளிலிருந்து 36-வது நாள் வரை. பல பெண்களுக்குத் தாங்க கர்ப்பம்னே உறுதியாகாத நாட்கள்.

16/
நான் வேலை பார்க்கிற மாதிரி அரசு மருத்துவமனைகளில் இன்னைக்கும் கேட்கிற கேள்வி: "கிரகணத்தன்னைக்கு அரிவாள்மனையில காய் நறுக்கினேன் டாக்டர், அதனாலதான் புள்ளைக்கு உதடு பிளந்துடுச்சா?" கேட்கிற அந்த அம்மாவுக்குப் பக்கத்துல, அதைச் சொல்லிக் கொடுத்தவங்களும் நிப்பாங்க.

இல்லைம்மா. மேலுதடு தனித்தனி மொட்டுகளா வளர்ந்து, ஆறு ஏழு வாரத்துக்குள்ள ஒண்ணு சேருது. சேராமப் போனா பிளவு. மரபணு, சில மருந்துகள், புகை என்று காரணம் பல இருக்கலாம். பல சமயம் இதுதான்னு ஒண்ணைச் சுட்டிக்காட்டவும் முடியாது. ஆனா அஞ்சாம் மாசத்துக் கிரகணத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. உதடு அதுக்கு ரொம்ப முன்னாடியே அமைஞ்சு முடிஞ்சது. யார் பாவமும் இல்லை.

17/
குழந்தை முன்கூட்டியே எழுதி முடிச்ச படம் இல்லை, நாளுக்கு நாள் கட்டப்படுதுங்கிறதுதான் வொல்ஃப் சொன்னது. கட்டும்போது நாம உதவவும் முடியும். குடல் மாதிரியேதான் நம்ம மூளையும் தண்டுவடமும். தட்டையான தகடு மடிஞ்சு குழாயாகி, 28 நாளுக்குள்ள மூடிடணும். மூடலைன்னா முதுகிலோ தலையிலோ குறைபாடு. 1991-ல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒண்ணு, முன்னாடி இப்படி ஒரு குழந்தை உண்டான பெண்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்தது. மறுபடி வர்றது 72 சதவீதம் குறைஞ்சது.

18/
அதனால, குழந்தைக்குத் திட்டமிடுறவங்க நாள் தள்ளிப் போன பிறகு மாத்திரையைத் தேடாதீங்க. கர்ப்பத்துக்கு ஒரு மாசமாவது முன்னாடியே ஃபோலிக் அமிலம், தினமும் 400 மைக்ரோகிராம் ஆரம்பிக்கணும். முதல் மூணு மாசம் தொடரணும். முந்தைய குழந்தைக்கு இந்தக் குறைபாடு இருந்திருந்தா, இல்லை வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுறவங்களா இருந்தா, அளவு வேற. உங்க டாக்டரைக் கேட்டு எடுங்க. நீங்களா எந்த மாத்திரையையும் நிறுத்தவும் வேண்டாம்.

19/
தமிழ்ல ஒரு அழகு பாருங்க. வாழைக்கும் தென்னைக்கும் நாம சொல்றது குருத்து. மூல செல்லுக்குத் தமிழ்ல வெச்ச பேர் குருத்தணு. காது மடலைத் தாங்குறது குருத்தெலும்பு. செடிக்கும் நமக்கும் இந்தச் சொல் பொதுவாவே இருக்கு.

புதுசா கல்யாணம் ஆன தங்கச்சி, மகள், மருமகள் யாராவது வீட்டுல இருந்தா 18-ம் பதிவை மட்டுமாவது அவங்களுக்கு அனுப்பி விடுங்க. 16-ம் பதிவு மாமியார்களுக்கு.