பேசலாம், பேரம் பேசலாமா?

ஜார்ஜ்டவுன் படகுத்துறை அருகே கடிகாரக் கோபுரத்துடன் நிற்கும் விஸ்மா கஸ்தாம் கட்டடத்தைப் பினாங்குக்காரர்கள் அறியாமல் இருக்க முடியாது. இன்று சுங்கத்துறை அலுவலகம். ஒரு காலத்தில் அது மலாயன் ரயில்வேயின் கட்டடம். தண்டவாளமே இல்லாத இடத்தில் ரயில் டிக்கெட் விற்றார்கள்! டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, ஃபெரி ஏறி, பிறைக்குப் போய்த்தான் ரயிலைப் பிடிக்க வேண்டும்.

அந்த ரயில்வேயில் தண்டவாளம் பராமரித்தவர்களில் தமிழர்கள் ஏராளம். பலருக்கு நாள் சம்பளம்தான். அரசாங்கத்துக்கே உழைத்தாலும் மாதச் சம்பளக்காரர் என்ற மதிப்பு அவர்களுக்கு இல்லை. "எங்களையும் மாதச் சம்பளத்துக்கு மாற்றுங்கள்" என்று அவர்களின் தொழிற்சங்கம் கேட்டது. 1962 டிசம்பரில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஏறக்குறைய மூன்று வாரம் நீடித்த அந்தப் போராட்டத்தால்தான் மாதச் சம்பளத்துக்கு வழி பிறந்தது.

அப்படியொரு போராட்டத்தை அரசாங்க ஊழியர்கள் இன்று நடத்த முடியுமா? மிகக் கடினம்.

இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த 1965ஆம் ஆண்டில், அத்தியாவசியச் சேவைகளில் வேலைநிறுத்தத்துக்கு அவசரகால விதிகள் கடிவாளம் போட்டன. பிறகு வந்தது 1967ஆம் ஆண்டின் தொழிலியல் உறவுச் சட்டம். தனியார் நிறுவன ஊழியர்கள் முதலாளியுடன் கூட்டு ஒப்பந்தம் செய்ய வழி சொல்லும் சட்டம் இது. ஆனால் இதன் 52ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். சங்க அங்கீகாரம், கூட்டு ஒப்பந்தம் ஆகியவற்றைப் பற்றிய பகுதிகள் அரசாங்க ஊழியர்களுக்குப் பொருந்தாது! அரசாங்கச் சேவையில் எழும் தகராறு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமானால், மாமன்னரின் அல்லது மாநில அதிகாரத்தின் சம்மதம் வேண்டும்.

சங்கமே கூடாது என்பதல்ல. போலீஸ், ராணுவம், சிறைத்துறை போன்றவை தவிர மற்றவர்களுக்குச் சங்கம் உண்டு. அவற்றின் கூட்டமைப்பு கியூபெக்ஸ். பேச மேசையும் உண்டு. பிரிட்டனில் முதல் உலகப் போர்க் காலத்தில் விட்லி என்பவர் தலைமையிலான குழு பரிந்துரைத்த முறை அது. நிர்வாகம் ஒரு பக்கம், ஊழியர்கள் மறுபக்கம். ஆங்கிலேயர் இங்கு கொண்டுவந்த விட்லி மன்றங்களின் இடத்தில் 1970களில் தேசியக் கூட்டு மன்றங்கள் வந்தன. அலுவலக அளவில் 'எம்பிஜே' கூட்டம் என்றால் அரசு ஊழியர் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும்.

சம்பள விவகாரத்தில் மேசையின் எதிர்ப்பக்கம் பொதுச்சேவைத் துறை உட்காருகிறது. முதலாளியும் அரசாங்கம், நடுவரை அனுமதிப்பதும் அரசாங்கம். ஆட்டக்காரரே விசிலை வைத்திருப்பது போல என்று எனக்குப் படுகிறது. நிரந்தர வேலையும் ஓய்வூதியமும் அதற்கு ஈடு என்பார்கள். அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு.

தனியார்மயம் வந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. 1987இல் தொலைத்தொடர்பும் 1992இல் அஞ்சலும் ரயில்வேயும் நிறுவனங்களாக மாறின. 1994இல் பினாங்குத் துறைமுகமும் அந்த வழியில் சென்றது. அதுவரை மன்றத்தில் கருத்து மட்டும் சொன்ன ஊழியர்களுக்குக் கூட்டு ஒப்பந்தம் பேசும் உரிமை கிடைத்தது.

கூட்டுப் பேரத்துக்கான அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 98ஆவது உடன்படிக்கையை மலாயா 1961இலேயே ஏற்றது. அரசு நிர்வாகத்தில் உள்ளவர்களை அது தன் வரம்பில் சேர்க்கவில்லை. அவர்களுக்கென வந்த 151ஆவது உடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை.

2024 டிசம்பரில் தொடங்கிய புதிய சம்பள முறையில், பெரும்பாலோருக்கு 15 விழுக்காடு உயர்வு இரண்டு கட்டங்களாக அறிவிக்கப்பட்டது. நல்ல உயர்வுதான். அதைச் சொன்னவர் பிரதமர், மேடையில் நின்று. இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் என்று காட்ட ஒரு தாள் இல்லை.