ஓர் எழுத்து இடம் மாறிய கதை

மாணவர்களே, இலக்கண வகுப்பில் பொதுமொழிக்கு எடுத்துக்காட்டாக ‘வேங்கை’ என்னும் சொல்லைப் படித்திருப்பீர்கள். பிரியாது நின்றால் அது மரத்தையோ புலியையோ உணர்த்தும். ‘வேம் கை’ எனப் பிரிந்தால் வேகின்ற கை எனப் பொருள்படும். இவ்வாறு பிரிக்கும் இடம் மாறியதனால் ஒரு புதுச் சொல்லே பிறந்த வரலாறு ஆங்கில மொழியில் உண்டு.

இங்கிலாந்தின் குளங்களில் ‘நியூட்’ என்னும் சிற்றுயிர் வாழ்கிறது. உருவில் பல்லியை ஒத்தது. ஆயினும் செதிலின்றி ஈரத்தோல் உடையது. தவளையைப் போன்றே நீரில் முட்டையிடும். இளமையில் செவுள்களால் மூச்சுவிடும். வளர்ந்தபின் நிலத்திலும் உலவும்.

பழைய ஆங்கிலத்தில் இதன் பெயர் ‘எஃபெட்டா’. நாளடைவில் அது ‘எவெட்’ என்றும் ‘எவ்ட்’ என்றும் தேய்ந்தது. நாம் உயிரெழுத்தின் முன் ‘ஓர்’ என்றும் ஏனைய இடங்களில் ‘ஒரு’ என்றும் வழங்குவதுபோல, ஆங்கிலேயர் உயிரொலியின் முன் ‘அன்’ என்றும், மெய்யொலியின் முன் ‘அ’ என்றும் வழங்குவர். ஆகவே ‘அன் எவ்ட்’ என்றனர். விரைந்து சொல்லுங்கால் னகரம் எச்சொல்லைச் சேர்ந்தது என்பது செவிக்குப் புலப்படாது. 15ஆம் நூற்றாண்டில் அது பின்சொல்லோடு ஒட்டி ‘நெவ்ட்’ ஆயிற்று; அதுவே இன்றைய ‘நியூட்’.

இங்கிலாந்தில் காக்ஸ்டன் அச்சுக்கூடம் நிறுவியது 1476ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் பெரும்பாலான மக்கள் சொற்களைச் செவியால் அறிந்தனரேயன்றிக் கண்ணால் கண்டிலர். பாம்பொன்றின் பெயர் இதற்கு நேர்மாறாக மாறியது. ‘அ நாடர்’ என்றது ‘அன் ஆடர்’ ஆகி, அச்சொல் தன் முதலெழுத்தை இழந்தது. ஒரு சொல் இழந்தது, மற்றொன்று பெற்றது!

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷேக்ஸ்பியர் இயற்றிய மாக்பெத் நாடகத்தில், சூனியக்காரிகள் கொப்பரையில் இடும் பொருள்களுள் நியூட்டின் கண்ணும் ஒன்று. பிழையாய்ப் பிறந்த சொல் பெரும்புலவர் நாவில் ஏறிவிட்டது. பழைய வடிவமும் முற்றும் அழியவில்லை. நிலத்தில் வாழும் இளம் நியூட்டினை ‘எஃப்ட்’ என அழைப்பர்.

பல ஆண்டுகள் விடைத்தாள்களில் சிவப்பு மையால் பிழை சுழித்தவன் நான். இக்கதையை அறிந்தபின் என் பேனா சற்றே தயங்கியதுண்டு. எனினும் ஒன்றை மறவாதீர்கள்: ஒருவர் செய்தால் பிழை, ஊரெல்லாம் தலைமுறை தலைமுறையாகச் செய்தால் வழக்கு. எழுத்தறியாத மக்களின் நாவும் மொழியை ஆக்கியிருக்கிறது. அவர்கள் பேச்சை எள்ளாதீர்கள்; உங்கள் எழுத்தில் இலக்கணத்தைக் கைவிடாதீர்கள்.